ஐந்தாவது கோட்டைக் காணோம்

நகோயாவில் இருந்த வாழ்க்கையை முடித்துக்கொண்டு, பெட்டியும் கையுமாகக் கயோ பிறந்த வீட்டுக்குத் திரும்பியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "வந்ததுதான் வந்தே, சும்மா உக்காந்து சோறு திங்காதே" என்று அப்பா ஷோகிச்சி அவளை மாடி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தி வைத்ததையும்தான்.

போன வாரம் டோக்கியோ ஹோட்டல்காரர் அரிசாகாவிடமிருந்து ஃபோன் வந்தது. ஷிஸுவோகா தேயிலைக் கடைத்தெருவில் எத்தனையோ வியாபாரிகள் இருக்க, இந்தக் குடும்பம் கலந்து அனுப்பிய தேயிலைதான் அவரை உருக்கிவிட்டதாம். ஃபோனில் பேசும்போதே மனிதர் குனிந்து வணங்கினார் என்று அண்ணி ரிட்சுகோ சத்தியம் செய்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டதற்கு, "குரல் மேசைக்கடியிலேர்ந்து வந்துச்சு" என்றாள்.

அந்த அரிசாகா நாளைக் காலை வருகிறார். ஹோட்டலின் எல்லா அறைகளுக்கும் இனிமேல் ஒரே தேயிலை. அது இந்த வீட்டுத் தேயிலையா என்று நாளைக்கு முடிவாகும். அதற்கு அவர் வைத்த நிபந்தனை இரண்டு. அப்பாவிடமிருந்து பொறுப்பேற்று இப்போது வீட்டுத் தலைவராக இருக்கும் அண்ணன் இட்சுரோ அவர் கண் முன்னால் ருசி பார்த்து, அவர் சொல்கிற மாதிரி அங்கேயே கலவையைத் திருத்திக் காட்ட வேண்டும். இரண்டாவது, நாளைக்கு வைக்கப்போகும் மூன்று கலவைகளுக்கும் வீட்டார் நான்கு பேர் போட்ட மார்க்குகளை ஒப்பிட்டு ரேடார் சார்ட் வேண்டும்.

முதலாவது அண்ணன் தலையில் விழுந்தது. இரண்டாவது கயோவின் தலையில்.

காலையிலிருந்து அவள் எக்செல்லோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். ரேடார் சார்ட்டை அவள் பார்க்காதவள் அல்ல. பள்ளிக்கூட மார்க்கிலிருந்து பேஸ்பால் ஆட்டக்காரனின் லட்சணம் வரைக்கும் இந்த ஊரில் எல்லாம் அந்தச் சிலந்திவலைப் படத்தில்தான் வருகிறது. ஆனால் பார்த்ததெல்லாம் பிறர் வரைந்தது. நகோயா வேலையில் அவள் தட்டியதெல்லாம் பார்சல் விலாசங்கள் மட்டும்தான்.

நடுவிலிருந்து குடைக்கம்பி மாதிரி ஆறு கோடுகள் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு கம்பியும் ஒரு குணம்: இலையின் வடிவம், மணம், சாற்றின் நிறம், இனிப்பு, துவர்ப்பு, நாக்கில் தங்கும் ருசி. பத்துக்கு எத்தனை மார்க்கோ அந்த இடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு உருவம் கிடைக்கும். யாருடைய ருசி எந்தப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அப்படித்தான் தெரிய வேண்டும். முதலில் வரைந்தபோது, இலையின் எடை என்ற பத்தியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டாள். எடை நூற்றுக்கணக்கில், மார்க் பத்துக்குள். படம் ஒரு பக்கம் ஊசியாக நீண்டு, மற்றதெல்லாம் நடுவில் சுருண்டு கிடந்தது.

எடையைத் தூக்கிவிட்டு மறுபடி வரைந்தாள். இந்தத் தடவை மூலைகளில் நிற்க வேண்டிய குணங்கள் நடுவில் உருவங்களாகிவிட்டன. அப்பா, அண்ணன், அண்ணி, கயோ என்று நான்கு மூலையில் நான்கு பெயர்கள் நின்றன.

சோற்றுருண்டைத் தட்டோடு வந்த ரிட்சுகோ தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இது என்னடி, நம்ம நாலு பேரையும் மூலைக்கு மூலை நிக்க வச்சுட்டே? என்ன தப்புப் பண்ணினோம்?"

"இருங்க அண்ணி. வரிசையையும் பத்தியையும் மாத்திப் போட ஒரு பட்டன் இருக்கு."

பட்டனை அழுத்தினாள். இப்போது ஆறு மூலைகளிலும் குணங்கள், நடுவில் ஆளுக்கொரு உருவம். ஆனால் வண்ணம் நிரப்பும் வகையைத் தேர்ந்தெடுத்திருந்ததால் மேலே இருந்த பச்சை கீழே இருந்த எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

"பச்சை யாரு?"

"அப்பா. எல்லாரையும் மூடிட்டாரு."

"படத்துல மட்டுமா?" என்றாள் ரிட்சுகோ. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கீழே முற்றத்தில் ஷோகிச்சி கூலியாட்களை விரட்டும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

ரிட்சுகோ போனபின், நிரப்பலை எடுத்துவிட்டு வெறும் கோடுகளாக மாற்றினாள் கயோ. அப்போதும் நான்கு கோடுகளும் விளிம்பை ஒட்டி ஒன்றாகத் திரண்டு கிடந்தன. நல்ல தேயிலைக்கு இந்த வீட்டில் யாரும் ஐந்துக்குக் கீழே மார்க் போடுவதில்லை. பிறகு வித்தியாசம் எங்கிருந்து தெரியும்? யோசித்து, நடுப்புள்ளியைப் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்கு மாற்றினாள். அவ்வளவுதான், உருவங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பளிச்சென்று விரிந்தன.

கயோவுக்குக் கைதட்டத் தோன்றியது. அப்பாவின் உருவம் இலையின் வடிவத்தில் வயிறு தள்ளி, இனிப்பில் ஒடுங்கியிருந்தது. மனிதருக்கு எப்போதும் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும். அண்ணியுடையது மணத்தின் பக்கம் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. தன்னுடையதைப் பார்த்தால் மிதிபட்ட தகரடப்பா. ஒரே கிண்ணத்தைத்தான் நான்கு பேரும் குடித்தார்கள். உள்ளே போனது இப்படியா ஆளுக்கு ஆள் மாறும்?

சுவாரசியம் தாங்காமல், யாரும் கேட்காத வேலை ஒன்றையும் செய்தாள். நான்கு பேருடைய மார்க்குக்கும் சராசரி போட்டு, அதை ஐந்தாவது கோடாகச் சேர்த்தாள். கறுப்பு நிறம்.

கோடு வரவில்லை.

கட்டங்களைப் பார்த்தாள். எண்கள் இருந்தன. சூத்திரம் சரி. ஓரத்துப் பெயர்ப்பட்டியலில் "சராசரி" என்று கறுப்புக் கோடு போட்டு எழுதியும் இருந்தது. படத்தில் மட்டும் இல்லை. கறுப்பைச் சிவப்பாக மாற்றிப் பார்த்தாள். துவர்ப்பு மூலையில் மயிரிழை அளவுக்குச் சிவப்பு எட்டிப் பார்த்தது. மற்றபடி ஒன்றும் காணோம்.

இப்படி ஒன்று அகப்பட்டால் கயோ விடமாட்டாள். சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்துப்போட்டுவிட்டு அடி வாங்கினவள். ஒவ்வொரு கோடாக மறைத்துப் பார்த்தாள். அப்பாவை மறைத்தாள், ஒன்றுமில்லை. அண்ணியை மறைத்தாள், தன்னையும் மறைத்தாள். அண்ணனின் நீலக்கோட்டை மறைத்தபோது, அதற்கு அடியிலிருந்து சிவப்பு முழுசாக எழுந்து நின்றது.

சராசரி தொலையவில்லை. அண்ணனின் கோடு அதன் மேலேயே படுத்திருந்தது.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பார்த்தாயா, அண்ணனின் நாக்கு எவ்வளவு நிதானம்! இரண்டாவது கலவையை வரைந்தாள். அங்கேயும் அதேதான். மூன்றாவதிலும் அதே கதை. பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, மண்டைக்குடைச்சல் ஆரம்பித்தது.

போன வருஷத்து மார்க்குகளும் அதே கோப்பில் இருந்தன. அவற்றையும் வரைந்தாள். போன வருஷத்து இட்சுரோ சராசரிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவனாக, மணத்தில் ஒரு பாய்ச்சல், துவர்ப்பில் ஒரு குழி என்று தாறுமாறாகக் கிடந்தான். மாதம் மாதமாக வரைந்துகொண்டு வந்தாள். ஜனவரி வரைக்கும் தாறுமாறு. பிப்ரவரிக் கடைசியிலிருந்து சராசரியின் மேலேயே ஒட்டிக்கொண்டுவிட்டான்.

"அண்ணி! இங்க வாங்களேன், ஒரு வேடிக்கை!"

காலித் தட்டை எடுக்க வந்த ரிட்சுகோ திரையைப் பார்த்தாள். அண்ணனின் கோட்டை மறைத்துக் காட்டினாள் கயோ. மறுபடி போட்டுக் காட்டினாள். ரிட்சுகோ தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"மெஷின் கோளாறா இருக்கும்."

"மூணு கலவைக்குமா?"

"அந்தச் சராசரியைத் தூக்கிப் போடு கயோ. அரிசாகா-சான் அதைக் கேட்டாரா? கேட்டதை மட்டும் குடுத்தா போதும்." எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவள், சிரிக்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அண்ணி ஒன்றைப் பூசி மெழுகப் பார்க்கிறாள். கயோவுக்கு அதற்கு மேல் வேறு தூண்டுதல் வேண்டுமா?

ருசி பார்க்கும் அறையில் இந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. மார்க்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டின் சின்னவர் முதலில், தலைவர் கடைசியில். பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் சின்னவர்கள் அதற்குத் தலையாட்டிவிடுவார்கள் என்று எந்தக் காலத்திலோ யோசித்து வைத்தது. ஆக, கயோ முதல். அடுத்து ரிட்சுகோ. பிறகு, பொறுப்பைக் கைமாற்றிவிட்டு "இப்ப நான் வெறும் வாய்தான்" என்று சொல்லிக்கொள்கிற அப்பா. கடைசியில் இட்சுரோ.

மற்ற மூன்று பேரையும் காதால் கேட்டபிறகுதான் அண்ணன் வாயைத் திறக்கிறான். நடுவில் ஒரு மார்க்கைச் சொல்ல அவனுக்கு நாக்கே வேண்டியதில்லை.

எதற்கு? அப்பாவோடு சண்டை வேண்டாமென்றா? சோம்பலா? அல்லது...

கயோ எழுந்தாள். கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. கொஞ்சம் கேவலமான வழி.

புதுத் தேயிலை வரும் இந்த மாதங்களில் அந்த வீட்டில் பூண்டு கிடையாது, கறி கிடையாது, வாசனைச் சோப்பு கிடையாது. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். கயோ பள்ளியில் படிக்கும்போது ஒருதரம் கைக்கு க்ரீம் தடவிக்கொண்டு வந்தாள். மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியின் அந்தக் கோடியிலிருந்து இட்சுரோ கத்திக்கொண்டு ஓடிவந்து, தோல் உரிகிற வரைக்கும் அவளைக் கை கழுவ வைத்தான்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் பக்கத்துக் கடைக்குப் போனாள். "கியோஸா. பூண்டு தூக்கலா."

கடைக்காரி அந்தக் கறிக் கொழுக்கட்டைகளைச் சட்டியில் அடுக்கியபடி முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ தேயிலை வீட்டுப் பொண்ணுதானே? மே மாசத்துல பூண்டா? உங்கப்பா என்னை வெட்டிப் போட்டுருவாரு."

"ஒரு ஆராய்ச்சிக்காக."

"இது நல்ல ஆராய்ச்சியா இருக்கே! அப்ப இன்னொரு ப்ளேட்டும் போடறேன்."

இரண்டு ப்ளேட் பூண்டோடு கயோ வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். அப்பா முற்றத்தின் மறுகோடியில், மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

"எவன்டா அது பூண்டு தின்னது!"

கயோ மாடிக்கு ஓடினாள்.

மாடியில் ருசி பார்க்கும் அறையில், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், கறுப்பு மேசைக்கு முன்னால் இட்சுரோ தனியாக உட்கார்ந்திருந்தான். நாளைக்கான கலவைகள் வெள்ளைக் கிண்ணங்களில் ஊறிக்கொண்டிருந்தன. கயோ போய் அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராக மூச்சை விட்டாள்.

"அண்ணா, அரிசாகா-சான் எப்ப வர்றாரு?"

"காலையில. ஏன் இப்படி மூச்சு வாங்குது? படியில ஓடி வந்தியா?"

அவன் வலைக்கரண்டியால் ஊறிய இலைகளை அள்ளி மூக்கருகே கொண்டுபோனான். கண்ணை மூடினான். புருவம் லேசாக நெரிந்தது. "ம்ம்" என்று தலையசைத்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போனான். சின்ன வயதிலிருந்து அவள் பார்த்துப் பழகிய அதே முகம், அதே "ம்ம்". பக்கத்தில் பூண்டுக்கடையே வந்து உட்கார்ந்திருப்பது தெரியாமல், தங்கையைத் தவிர ஒருவருமே பார்க்காதபோதுகூட அவன் நடித்துக்கொண்டிருந்தான். கேட்க வந்த கேள்வியெல்லாம் மறந்து கயோவுக்கு அழுகைதான் வந்தது.

"அண்ணா. நான் பூண்டு தின்னுட்டு வந்திருக்கேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து பச்சைச் சாறு மேசையில் சொட்டியது.

"எவ்வளவு?"

"ரெண்டு ப்ளேட்."

இட்சுரோ சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே கரண்டியைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். சிரிப்பு எப்போது நின்றதென்று கயோவுக்குத் தெரியவில்லை.

"பிப்ரவரியில ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட போயிருச்சு. இனிப்பு, கசப்பு, உப்பு தெரியுது. வாசனைன்னு ஒண்ணு இல்லவே இல்ல. தேயிலை, சோப்பு, மாட்டுச்சாணி எல்லாம் எனக்கு ஒண்ணுதான் கயோ."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வரலாம். வராமலும் போகலாம். எத்தனை நாள்னு கேட்டேன், அந்தாளு ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருந்தான்."

"அப்பாவுக்கு?"

"நீ உளறாம இருந்தா தெரியாது."

கயோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு அடுத்த கேள்வி வந்துவிட்டது, அவள் அப்படித்தான். "அப்ப ஹோட்டலுக்குப் போன கலவை? அரிசாகா-சான் குனிஞ்சு வணங்கினது யாருக்கு?"

"உங்க அண்ணிக்கு" என்றான் இட்சுரோ.

கதை மெதுவாக வெளியே வந்தது. அப்பா விடிகாலையில் சந்தைக்குப் போனதும் ரிட்சுகோ இந்த மேசையில் வந்து உட்காருவாளாம். அவள் முகர்ந்து, அளவு சொல்ல, அவன் நிறுத்துக் கலப்பானாம். இலையை வறுக்கும் உருளைக்குப் பக்கத்தில் அவன் நிற்கும்போது அவளும் துடைப்பத்தோடு பக்கத்தில் நிற்பாள். வாசனை பதத்துக்கு வந்ததும் முழங்கையால் அவன் முழங்கையை ஒரு தட்டு. அவன் உடனே நெருப்பை அணைப்பான். "அண்ணனுக்கு என்ன கைப்பக்குவம்!" என்று ஆட்கள் வியப்பார்கள்.

"நாளைக்கு ஹோட்டல்காரர் முன்னாடியும் அண்ணி வந்து முழங்கையைத் தட்டுவாங்களா?"

"வெந்நி கொண்டு வர்ற சாக்குல பின்னாடி நிப்பா. ஏதோ ஒரு வழி பண்ணிக்கலாம்."

"அவரு 'மணத்தைக் கொஞ்சம் இறக்குங்க'ன்னு சொல்லிட்டு உன் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்தா?"

கயோ அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். சராசரியைத் தூக்கிவிட்டு, அவனுடைய மார்க் இருந்த கட்டங்களையெல்லாம் அழித்தாள். நீலக்கோடு சுருங்கி நடுவில் ஒரு புள்ளியாக ஒடுங்கியது.

"பாத்தியா" என்றான் அவன் கசப்பாக. "நான் சொல்லலேன்னா பூஜ்யம். அதுகூட இல்ல, பூஜ்யத்துக்கும் கீழ."

"பொறு." அமைப்பில் எங்கோ தேடி ஒரு பெட்டியைத் திறந்தாள். காலிக் கட்டத்தை எப்படிக் காட்டுவது என்று அது கேட்டது: பூஜ்யமாகவா, இடைவெளியாகவா? இடைவெளி என்பதை அழுத்தினாள். நடுவில் கிடந்த புள்ளி மறைந்தது. மற்ற மூன்று உருவங்களும் அவரவர் கோணல்மாணலோடு அப்படியே நின்றன.

"காலி வேற, பூஜ்யம் வேற அண்ணா. சொன்னா மெஷினுக்கே புரியுது."

"அப்பாவுக்கு எந்த பட்டனை அழுத்தறது?" என்றான் இட்சுரோ.

மாலையில் ஷோகிச்சி ஒத்திகை வைத்தார். நாளைக்கு ஹோட்டல்காரர் முன்னால் யாரும் சொதப்பக்கூடாது என்பது உத்தரவு. கயோவுக்கு அறைக்குள்ளேயே இடம் கிடைக்கவில்லை. ஜன்னலைத் திறந்து, அதற்கு அந்தப் பக்கம் மாடித் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்.

"நாளைக்கு நீ வீட்டுலயே இருக்கக்கூடாது. கடல் பக்கம் போ. மீனெல்லாம் ஓடட்டும்."

"சரிப்பா."

ரிட்சுகோ வெந்நீர் ஊற்றினாள். அவள் கயோவை நிமிர்ந்து பார்க்கவில்லை. கிண்ணங்களிலிருந்து ஆவி எழுந்தது. ஒவ்வொருவராக உறிஞ்சி, வாயில் சுழற்றி, குவளையில் துப்பினார்கள்.

சின்னவள் முதலில். கயோ வடிவம் எட்டு, நிறம் ஏழு என்று சொல்லிக்கொண்டே வந்து, "மணம் காலி" என்றாள்.

"என்னது?"

"எனக்குப் பூண்டைத் தவிர ஒண்ணும் தெரியலப்பா. தெரியாததுக்கு எப்படி மார்க் போடறது? காலியா விட்டுட்டேன்."

"நல்லாயிருக்கு நியாயம்" என்று உறுமினார் ஷோகிச்சி. ஆனால் மறுக்கவில்லை.

ரிட்சுகோ தன்னுடையதைச் சொன்னாள். மணத்துக்கு ஒன்பதரை. அடுத்து ஷோகிச்சி தன் பங்கைச் சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். ரிட்சுகோவின் விரல்கள் கெண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன.

இட்சுரோ கரண்டியை அள்ளி முகர்ந்தான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. "ம்ம்" என்று சொல்லவும் இல்லை.

"எனக்கும் காலிப்பா."

"நீயுமா பூண்டு தின்னே?"

"இல்ல. பிப்ரவரியிலேர்ந்து வாசனை தெரியல. ஒரு துளிகூடத் தெரியல."

முற்றத்தில் யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். ஷோகிச்சி மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபக்காரர்தான், ஆனால் அவர் முகத்தில் அப்போது கோபம் இல்லை. பயம் இருந்தது. அப்பா பயந்து கயோ பார்த்ததே இல்லை.

"பிப்ரவரி" என்றார். "இத்தனை நாளா என் பக்கத்துல உக்காந்து மார்க் சொன்னியேடா."

"நீங்க மூணு பேரும் சொன்னதை நடுவுல பிளந்து சொன்னேன்."

"அரிசாகா தலையில வச்சுக் கொண்டாடினாரே, அந்தக் கலவை?"

ரிட்சுகோ கெண்டியைக் கீழே வைத்தாள். பாயில் இரண்டு கைகளையும் ஊன்றி நெற்றி படக் குனிந்தாள். "நான்தான் மாமா. மன்னிச்சுருங்க."

ஷோகிச்சி அவள் கலந்த கிண்ணத்தை எடுத்தார். உறிஞ்சினார். துப்பவில்லை, விழுங்கினார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அந்தப் படத்தைக் கொண்டா. கிட்ட வராதே, நீட்டு."

கயோ அச்சிட்டு வைத்திருந்த காகிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இதுல ரிட்சுகோ எது?"

"ஆரஞ்சு."

அவர் காகிதத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "மணத்துல இம்புட்டுத் தூரம் போயிருக்கா."

"அவங்க எப்பவும் அப்படித்தான்பா. சொல்லும்போது நீங்கதான் காதுல வாங்கினதில்ல."

இதற்கு ஒரு இடி விழும் என்று கயோ காத்திருந்தாள். விழவில்லை. ஷோகிச்சி காகிதத்தை மேசையில் வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"நாளைக்கு ரிட்சுகோ கடைசியா பேசட்டும்."

கயோவுக்குத் தாழ்வாரத்திலேயே குதிக்கலாம் போலிருந்தது. கடைசியாகப் பேசுவதென்றால் தலைவரின் இடம் என்று அந்த வீட்டில் குழந்தைக்கும் தெரியும். இத்தனை மாதமாக இறுகிக் கிடந்த இட்சுரோவின் தோள்கள் தளர்ந்தன. அவன் மனைவியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

ரிட்சுகோ நிமிர்ந்தாள்.

"முடியாது மாமா."

"என்ன?"

"நாளைக்கு உக்காந்து, அவரு கேக்கறபடி திருத்திக் குடுத்துருவேன். எனக்கு அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா இவருக்கு மூக்கு திரும்பி வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வரணும்னு நானும் தினம் தினம் கும்பிடறேன். வந்துருச்சுன்னா மறுநாள் நான் எங்க உக்காரணும்? மறுபடி வெந்நி ஊத்தற இடத்துலயா, கிண்ணம் கழுவற இடத்துலயா?" அவள் நிறுத்தவில்லை. "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நானும் மார்க் சொல்லிட்டுத்தான் இருக்கேன். யாரும் கேக்கலேன்னா பரவால்லைன்னு இருந்தேன். இந்த மூணு மாசம் இந்த மேசையில உக்காந்த பிறகு எனக்குப் பரவால்லைன்னு இருக்க முடியல மாமா. அப்பவும் என் இடம் எதுன்னு இன்னிக்கே சொல்லிருங்க. அப்புறம் நாளைக்கு உக்கார்றேன்."

நாளைக்கு டோக்கியோ ரயிலில் வந்து இறங்கப்போகும் மனிதர், ஹோட்டல், வருஷம் முழுவதற்குமான வியாபாரம் எல்லாம் அந்த ஒரு பதிலில் வந்து நின்றுகொண்டிருந்தன. ஷோகிச்சி உதவிக்கு மகனைப் பார்த்தார்.

இட்சுரோவின் சிரிப்பு போய்விட்டிருந்தது. மூக்கு திரும்பி வந்தால் தன் இடமும் திரும்பி வரும் என்றுதான் இத்தனை நாளும் அவன் நம்பிக்கொண்டிருந்தான். தாழ்வாரத்திலிருந்த கயோவுக்கு அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

ரிட்சுகோவுக்கும் தெரிந்தது. அவள் மாமனாரை விட்டுக் கணவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் மாமாவை மட்டும் கேக்கல" என்றாள். "உங்களையும்தான்."